அத்தனை பெரிய வைகை அணையில் ஏன் வெறும் 6 மெகாவாட்?

கேள்வி கேட்டவர் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். இலங்கையில் தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். அங்கே ஊரை ஒட்டியே ஓர் அணையைப் பார்த்திருக்கிறார், மேல் கொத்மலை அணை. "நம்ம வைகை அணைக்கு முன்னாடி அது ஒரு தடுப்பணை மாதிரி. ஆனா அதுல 150 மெகாவாட் எடுக்கிறாங்களாம். வைகையில 6 மெகாவாட்தான். நம்ம ஆளுங்க ஒழுங்கா செய்யலையா? வைகையில பெரிய பவர் ஹவுஸ் கட்டினா மதுரைக்கே போதாதா? அதோட இன்னொரு சந்தேகம், அவ்வளவு அணை வச்சிருக்கிற ஊர்ல ஏன் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாம கிடந்தாங்க?" என்று கேட்டிருக்கிறார். நீர்மின் நிலையங்களோடு பல வருடம் பழகியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கண் பார்த்தது சரிதான். மேல் கொத்மலை அணையின் உயரம் 35 மீட்டர் சொச்சம். அதில் தேங்கும் தண்ணீர் மொத்தமே 8 லட்சம் கன மீட்டர். நம் ஊர்க் கணக்கில் சுமார் 28 மில்லியன் கன அடி. வைகை அணை 71 அடிக்கு நிரம்பினால் கிட்டத்தட்ட 6,090 மில்லியன் கன அடி நிற்கும். இருநூறு மடங்குக்கும் மேல். வைகை முழுசாக நிரம்பி நிற்கும்போது நீர்மட்டம் இரண்டு அங்குலம் இறங்கினாலே தலவாக்கலை அணையில் இருக்கிற மொத்தத் தண்ணீரையும்விட அதிகமாக வெளியேறிவிடும். அப்படியிருக்க அங்கே 150, இங்கே 6 என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

விஷயம் என்னவென்றால், மின்சாரம் எவ்வளவு கிடைக்கும் என்பதை இரண்டு பேர் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். ஒன்று, வினாடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது. இரண்டு, அந்தத் தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது. இரண்டையும் பெருக்க வேண்டும். அணையில் எவ்வளவு தேங்கி நிற்கிறது என்பது இந்தப் பெருக்கலுக்குள் வரவே வராது. எத்தனை நாளைக்கு ஓட்டலாம் என்பதைத்தான் அது சொல்லும். வீட்டு மாடியில் பத்தாயிரம் லிட்டர் தொட்டி வைத்திருந்தாலும், தொட்டிக்கு நேர் கீழே மாடியிலேயே இருக்கிற குழாயில் தண்ணீர் சோம்பலாகத்தான் வரும். அதே தொட்டியிலிருந்து கீழ்த்தளத்துக்கு இறங்கும் குழாயைத் திறந்தால் வாளி தெறிக்கும். தொட்டி ஒன்றுதான்.

மேல் கொத்மலையில் அந்த அணையை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் பார்த்த மாதிரி. மின்சாரம் எடுக்கும் இடம் அங்கே இல்லை. அணைக்கு வேலை, கொத்மலை ஓயா என்ற ஆற்றை மறித்து ஒரு சுரங்கத்துக்குள் திருப்பி விடுவது மட்டும்தான். அந்தச் சுரங்கம் மலைக்குள்ளேயே கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் போகிறது. ஆறு தன் பாட்டுக்கு வளைந்து வளைந்து, அருவியாக விழுந்து இறங்குகிற அதே இறக்கத்தைச் சுரங்கம் குறுக்கே வெட்டிக்கொண்டு போய், கடைசியில் செங்குத்தாகக் கீழே விடுகிறது. பவர் ஹவுஸ் நியங்கந்தொர என்ற இடத்தில் பூமிக்கு அடியில் இருக்கிறது. அணையின் நீர்மட்டத்துக்கும் பவர் ஹவுஸிலிருந்து தண்ணீர் வெளியேறும் மட்டத்துக்கும் நடுவே சுமார் 490 மீட்டர் வித்தியாசம். 35 மீட்டர் அணைக்கு 490 மீட்டர் இறக்கம்! இந்த இறக்கத்தை அணை உண்டாக்கவில்லை. மலை ஏற்கெனவே வைத்திருந்தது.

நம் பக்கத்தில் இதற்கு ஜோடி தேடினால் வைகை அணையோடு நிறுத்திப் பார்க்கக் கூடாது. லோயர்கேம்ப்பைத்தான் பார்க்க வேண்டும். முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர் தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வருகிறது. பென்னிகுவிக் காலத்தில் வெட்டியது, 5,704 அடி நீளம், பிறகு அகலப்படுத்தினார்கள். வெளியே வந்த தண்ணீர் போர்பே அணை என்ற சின்னத் தேக்கத்தில் கொஞ்சம் நின்று, பென்ஸ்டாக் என்கிற நான்கு பெரிய இரும்புக் குழாய்களில் இறங்கி லோயர்கேம்ப் பெரியாறு மின்நிலையத்துக்குப் போகிறது. அங்கே நான்கு ஜெனரேட்டர்கள். ஒவ்வொன்றும் 35 மெகாவாட்டாக, 1958-ல் தொடங்கி 1965 வாக்கில் நான்கும் ஓட ஆரம்பித்தன. பிற்பாடு புதுப்பித்து ஒவ்வொன்றையும் 42 ஆக்கினார்கள். இப்போது மொத்தம் 168 மெகாவாட். மேல் கொத்மலையைவிட ஒரு பிடி அதிகம்தான் என்பதைக் கவனியுங்கள். ஆகவே "நம்ம ஆளுங்க செய்யலையா" என்ற கேள்விக்கு அறுபது வருடத்துக்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது.

கம்பத்திலிருந்து குமுளிக்கு பஸ்ஸில் ஏறுகிறவர்கள் மலைப்பாதையில் அந்தக் குழாய்களைப் பார்த்திருப்பார்கள். மேலே இருக்கும் குழாயும் கீழே இருக்கும் குழாயும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் இந்த மாதிரிக் குழாய்களில் கீழே போகப் போக இரும்புத் தகட்டின் கனம் கூடிக்கொண்டே போகும். ஏனென்றால் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கூடுகிறது. அடிவாரத்தில் அது 37, 38 கிலோவுக்குப் போய்விடும். கட்டை விரல் நகம் அளவு இடத்தில் ஒரு சிறு பையன் ஏறி நிற்கிற பாரம். அதனால்தான் மெஷினை நிறுத்தும்போது வால்வைப் படக்கென்று மூட மாட்டார்கள். அத்தனை நீளக் குழாயில் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரைத் திடுமென்று மறித்தால் அந்த அதிர்ச்சி மேல்நோக்கித் திரும்பிக் குழாயையே கிழித்துவிடும். மெதுவாக, நேரம் கொடுத்துத்தான் மூட வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது இதுதான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. லோயர்கேம்ப்பில் நான்கு மெஷினும் முழுசாக ஓட வினாடிக்குச் சுமார் 1,867 கன அடி தண்ணீர் வேண்டும். 168 மெகாவாட்டை அதால் வகுத்தால், ஒரு கன அடிக்கு 90 கிலோவாட். அதாவது வினாடிக்கு ஒரே ஒரு கன அடி வீதம் தண்ணீர் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடினால் 90 யூனிட். நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கொடுக்கிற 100 யூனிட்டில் முக்கால்வாசிக்கும் மேல் ஒரு மணி நேரத்தில் தேறிவிடுகிறது. மேல் கொத்மலையில் இறக்கம் இன்னும் அதிகம் என்பதால் ஒரு கன அடிக்கு 115 கிலோவாட் வரை வரும். அதே கன அடி வைகை அணைக்கு வந்தால்? அணை நிரம்பி இருந்தாலும் 20 மீட்டர் இறக்கம்தான். 5 கிலோவாட்டைத் தொடாது.

இதை இன்னொரு விதமாகவும் சொல்லலாம். வைகை அணை நிறைய இருக்கிற தண்ணீர் முழுவதையும் ஒரு சொட்டு விடாமல் அந்த அணையின் டர்பைன் வழியாகவே அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறையக் குறைய இறக்கமும் குறையும். மொத்தமாக 60 லட்சம் யூனிட் தேறினாலே பெரிது. அதே அளவு தண்ணீர் லோயர்கேம்ப் குழாய்களில் இறங்கினால் 15 கோடி யூனிட். வைகைக்கு வருகிற பெரியாற்றுத் தண்ணீர் ஏற்கெனவே மலையில் இறங்கித் தன் சத்தையெல்லாம் கொடுத்துவிட்டுத்தான் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக ஓடி வருகிறது. வழியில் குருவனூத்து, காஞ்சிமரத்துறை மாதிரி இடங்களில் ஆற்றின் சின்னச் சின்ன இறக்கங்களிலும் சிறு மின்நிலையங்கள் வைத்து வழித்து எடுத்திருக்கிறார்கள். வைகை அணையில் 1990-ல் வைத்த இரண்டு 3 மெகாவாட் மெஷின்களும் அந்த வழித்தெடுக்கிற வேலைதான். எப்படியும் பாசனத்துக்கு மதகு வழியாகப் போகிற தண்ணீர்தானே, போகிற போக்கில் ஒரு டர்பைனைச் சுற்றிவிட்டுப் போகட்டும் என்பது யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் அங்கே 60 மெகாவாட் மெஷின் வைத்தால் வினாடிக்குப் பன்னிரண்டாயிரம், பதிமூன்றாயிரம் கன அடி விட வேண்டியிருக்கும். நிரம்பிய அணை ஆறு நாளில் காலி. அப்புறம் சிவகங்கை, ராமநாதபுரம்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது?

இங்கேதான் இரண்டாவது விஷயம் வருகிறது. என்னைக் கேட்டால் இறக்கத்தைவிட முக்கியமானது இதுதான். தண்ணீருக்கு முதல் எஜமான் யார்?

தலவாக்கலை அணையை மின்சாரத்துக்காகவே கட்டினார்கள். ஜப்பான் கடனில் கட்டி 2012-ல் திறந்தது. 8 லட்சம் கன மீட்டர் என்பது ஏதோ இடம் இல்லாமல் சின்னதாக வைத்தது இல்லை. இரண்டு மெஷினும் முழு வேகத்தில் ஓடினால் வினாடிக்கு 37 கன மீட்டர் போகும். வகுத்துப் பாருங்கள், சரியாக ஆறு மணி நேரம் வரும். பகல் முழுக்க ஆற்றில் வருவதைச் சேர்த்து வைத்து, சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கு, டிவி, அடுப்பு என்று தேவை ஏறுகிற நேரத்தில் மொத்தமாக இறக்கிவிடுவதற்கான கொள்ளளவு அது. ஆண்டுக்குச் சுமார் 40 கோடி யூனிட் என்று திட்டமிட்டார்கள். வருடம் முழுவதும் 150 மெகாவாட் ஓடினால் 130 கோடி வர வேண்டும். ஆகவே மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் முழு ஓட்டத்துக்குச் சமம். அது குறை கிடையாது, கட்டினதே அதற்குத்தான்.

பெரியாற்றுத் தண்ணீரின் எஜமான் விவசாயி. 1886 குத்தகை ஒப்பந்தமே பாசனத்துக்காகப் போட்டது. அந்த இறக்கத்தைப் பார்த்தவர்களுக்கு மின்சாரம் எடுக்கும் ஆசை வராமல் இல்லை. சென்னை மாகாணம் கேட்டது, திருவிதாங்கூர் மறுத்தது, விவகாரம் நடுவர் தீர்ப்புக்குப் போனது. 1941-ல் வந்த தீர்ப்பு, பாசனத்துக்கு மட்டும்தான் உரிமை, மின்சாரத்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு பேச்சுவார்த்தை நடத்தி, பவர் ஹவுஸ் கட்டி, மெஷினும் ஓட ஆரம்பித்து, அதன் பிறகு 1970-ல்தான் முறையான ஒப்பந்தம் கையெழுத்தானது. நிலத்துக்கு ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்த குத்தகை 30 ஆனது. எடுக்கிற மின்சாரத்துக்கும் கேரளத்துக்குத் தனியாகப் பணம். மீன்பிடி உரிமையும் அவர்களுக்கே திரும்பிப் போனது. முல்லைப் பெரியாறு என்றாலே 136 அடியா 142 அடியா என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். இந்த மின்சாரக் கதையைப் பேசுகிறவர்கள் குறைவு. இத்தனைக்கும் தமிழ்நாடு எடுக்காமல் வழிகிற தண்ணீர் கீழே இடுக்கி அணைக்குத்தான் போகிறது. அங்கிருந்து மூலமற்றத்தில் இறங்கி இன்னும் அதிக இறக்கத்தில் மின்சாரமாகிறது. ஒரே தண்ணீருக்கு இரண்டு பக்கமும் டர்பைன் காத்திருக்கிறது என்பதை மறந்துவிட்டு அந்தத் தகராறைப் பேசினால் பாதிதான் புரியும்.

சரி, எஜமான் விவசாயி என்றால் நடைமுறையில் என்ன ஆகும்? கம்பம் பள்ளத்தாக்கு முதல் போகத்துக்கு ஜூன் மாதம் தண்ணீர் திறப்பது வழக்கம். அணையில் தண்ணீர் இருந்து, வைகைக்கும் அனுப்ப வேண்டியிருந்தால் திறப்பு ஆயிரத்தைத் தாண்டும். மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பிக்கும். கோடையில் குடிநீருக்கு மட்டும் என்று 100 கன அடி அளவுக்குக் குறைத்துவிட்டால் மெஷினை நிறுத்திவிடுவார்கள். அந்தக் கொஞ்சத் தண்ணீர் இரைச்சல் பாலம் வழியாக மலைச்சரிவில் இறங்கி ஆற்றில் சேரும். சாயங்காலம் ஏழு மணிக்கு மதுரையில் எத்தனை ஏசி ஓடுகிறது என்பதைப் பார்த்து அங்கே ஷட்டரைத் திறப்பதில்லை. எவ்வளவு விட வேண்டும் என்பதை நீர்வளத்துறை சொல்கிறது. விடுகிற தண்ணீரில் மின்வாரியம் மின்சாரம் எடுத்துக்கொள்கிறது.

கொஞ்சம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். கீழே வைகை அணை இருக்கிறதே, லோயர்கேம்ப்பில் பகலில் குறைத்து சாயங்காலம் கூட்டி விட்டால் என்ன, எப்படி வந்தாலும் வைகை வாங்கிச் சமன் செய்துகொள்ளுமே என்று. காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் லோயர்கேம்ப்புக்கும் வைகை அணைக்கும் நடுவில் ஒரு பள்ளத்தாக்கே இருக்கிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வழி நெடுக அந்த ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிறது, குடிநீருக்கு உறைகிணறு இருக்கிறது. போதாததற்கு மதுரை மாநகராட்சிக்கு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டுபோகும் குடிநீர்த் திட்டமும் லோயர்கேம்ப் பக்கத்தில்தான் தண்ணீர் எடுக்கிறது. அதற்கு மட்டும் நாள் முழுக்க வினாடிக்கு 50 கன அடி வேண்டும். இவர்கள் எல்லோருக்கும் தேவை ஒரே சீரான ஓட்டம். பகலில் முழங்காலளவு, சாயங்காலம் கழுத்தளவு என்று ஆறு ஏறி இறங்கினால் வாய்க்கால் தலைப்பில் சண்டை வரும். குளிக்கிறவர்கள், மாடு கழுவுகிறவர்கள் உயிருக்கும் ஆபத்து.

இருபது வருடத்துக்கு முன்னால் இது பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் 2016-லிருந்து இருக்கிறது. மத்தியானம் வெயிலில் லோயர்கேம்ப் மாதிரி மூன்று நான்கு நிலையங்களுக்குச் சமமாக அள்ளிக் கொடுக்கும். ராத்திரி ஏழு மணிக்குப் பூஜ்யம். தென் மாவட்டங்களில் காற்றாலையும் ஆடிக் காற்றை நம்பித்தான். அதனால் மின்சாரம் எத்தனை யூனிட் என்பதைவிட எந்த நேரத்து யூனிட் என்பதற்குத்தான் இப்போது மதிப்பு. அந்த வகையில் தலவாக்கலையின் ஆறு மணி நேரத் தண்ணீர் தங்கம் மாதிரி. நம்மிடம் அந்த வேலையைச் செய்வது ஆனைமலையில் இருக்கிற காடம்பாறை. 400 மெகாவாட், 1980களின் கடைசியில் வந்தது. மின்சாரம் மிஞ்சுகிற நேரத்தில் கீழ் அணையிலிருந்து மேல் அணைக்குத் தண்ணீரை ஏற்றி, பற்றாக்குறை நேரத்தில் இறக்குவார்கள். ஏற்றும்போது செலவாகிற மின்சாரம் இறக்கும்போது கிடைப்பதைவிட அதிகம். ஆனாலும் லாபம்தான், காரணம் நேரம். பெரிய பவர் ஹவுஸ் வேண்டும் என்று கேட்கிறவர்கள் வைகையை விட்டுவிட்டு இந்த மாதிரி நிலையங்களைக் கேட்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

இறக்கத்தைப் பற்றிப் பேசும்போது சுருளியாறு மின்நிலையத்தை விட்டுவிட முடியாது. மேகமலையில் மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று இருக்கும் அணைகளின் தண்ணீர் அங்கிருந்து கீழே வண்ணாத்திப்பாறைக்கு இறங்குகிறது. பெரியாறு நிலையத்தின் இறக்கத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒரே மெஷின், 35 மெகாவாட், 1978-லிருந்து. மேகமலைக்குச் சுற்றுலா போய் அந்த ஏரிகளின் முன்னால் போட்டோ எடுத்துக்கொள்கிறவர்களில் பலருக்கு அது மின்சாரத்துக்குத் தேக்கிய தண்ணீர் என்பது தெரியாது.

இலங்கைப் பக்கம் எல்லாம் சுகமாக நடந்தது என்றும் நினைக்க வேண்டாம். உங்கள் சொந்தக்காரர்களில் வயதானவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். மேல் கொத்மலைத் திட்டத்தை மலையகத் தமிழ்க் கட்சிகள் பல வருடம் எதிர்த்தன. முதலில் போட்ட திட்டத்தில் பல அருவிகளின் தண்ணீரைத் திருப்புவதாக இருந்தது. கடைசியில் திட்டத்தைச் சுருக்கி, சென் கிளேயர் அருவிக்குப் பகல் வேளையில் கொஞ்சம் தண்ணீர் விடுவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் வேலை நகர்ந்தது. லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்த சில நூறு குடும்பங்கள் இடம் மாற வேண்டியிருந்தது. அதற்கு முன்பே மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் 1969-ல் வந்தபோது பழைய மஸ்கெலியா ஊரே தண்ணீருக்குள் போனது. வறட்சி வருடங்களில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும். சனங்கள் போய்க் கும்பிட்டுவிட்டு வருவார்கள். பண்டாரவளைப் பக்கம் உமா ஓயா திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டும்போது நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் கசிந்து, மேலே ஊர்க் கிணறுகள் வற்றின, வீடுகளில் விரிசல் விழுந்தது. 120 மெகாவாட் திட்டம், 2024-ல்தான் திறந்தார்கள். சுரங்கத் திட்டங்களில் தண்ணீரில் மூழ்குகிற நிலம் குறைவு என்பது உண்மை. சேதம் வேறு பக்கம் வரும்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அத்தனை அணை இருந்தும் ஏன் இருட்டு?

இலங்கையின் மலைநாட்டில் இறக்கத்தை முதலில் கணக்குப் போட்டவர் விமலசுரேந்திர என்ற பொறியாளர். 1918-லேயே லக்சபானப் பக்கத்து அருவிகளிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று சொன்னார். நடந்தது 1950-ல். அப்புறம் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, 1980களில் மகாவலித் திட்டத்தில் விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல என்று வரிசையாகக் கட்டினார்கள். விக்டோரியா மட்டும் 210 மெகாவாட். பெரிய நீர்மின் நிலையங்கள் எல்லாம் சேர்ந்து இன்று சுமார் 1,500 மெகாவாட். 1990களின் நடுவில் அந்த நாட்டு மின்சாரத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் தண்ணீரிலிருந்துதான் வந்தது. அதனால் 1996-ல் மழை பொய்த்ததும் நாடே இருண்டது. அந்தப் பாடத்தில்தான் நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம், டீசல் நிலையங்கள் என்று போனார்கள். 2022-ல் எரிபொருள் வாங்க டாலர் இல்லை. மார்ச் கடைசி வேறு, நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் இறங்கிக் கிடந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில்தான் அந்த 13 மணி நேரம்.

தீவு என்பதுதான் இதில் பெரிய சிக்கல். மதுரையில் லோயர்கேம்ப் நின்றுபோனாலும் நெய்வேலியிலிருந்தோ கூடங்குளத்திலிருந்தோ மின்சாரம் வரும். 2013 கடைசியில் தென்னிந்திய மின்தொகுப்பு வடக்கோடு இணைந்த பிறகு இன்னும் தூரத்திலிருந்தும் வரும். இலங்கைக்கு அக்கம்பக்கத்தில் கடன் கேட்க யாரும் இல்லை. உள்ளூரிலேயே சமாளிக்க வேண்டும். 2025 பிப்ரவரி 9-ஆம் தேதி பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி மாட்டிக்கொண்டதில் நாடு முழுவதும் மின்சாரம் போனது என்று அவர்களுடைய அமைச்சரே சொன்னார். அழகர்கோயில் குரங்குகளுக்கு அவ்வளவு அதிகாரம் கிடையாது, நல்ல வேளை! இப்படி மொத்தமாக அணைந்த தொகுப்பை மறுபடி எழுப்புவதற்கு முதலில் கைகொடுப்பதும் நீர்மின் நிலையங்கள்தான். நிலக்கரி நிலையத்தைத் தொடங்கவே வெளியிலிருந்து நிறைய மின்சாரம் வேண்டும். தண்ணீர் மெஷினுக்குச் சின்ன டீசல் ஜெனரேட்டர் போதும், சில நிமிடங்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். மதுரையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் போட்டு அனுராதபுரத்தோடு இணைக்கும் யோசனை பல வருடமாகப் பேச்சில் இருக்கிறது. அது வந்தால் தலவாக்கலைத் தண்ணீரும் கமுதி வெயிலும் ஒன்றுக்கொன்று கைமாற்றாக ஓடலாம்: பகலில் நாம் கொடுத்து, சாயங்காலம் அவர்கள் திருப்பலாம். பேச்சு பேச்சாகவே இருக்கிறது.

நீங்களாகவே சரிபார்த்துக்கொள்ள ஒரு வழி சொல்லிவிடுகிறேன். பேப்பரில் தினமும் முல்லைப் பெரியாறு நீர்மட்டம், வரத்து, திறப்பு என்று போடுகிறார்கள் இல்லையா? அதில் திறப்பு என்று இருக்கிற எண்ணை 90-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். அன்றைக்கு லோயர்கேம்ப்பில் எத்தனை மெகாவாட் என்பது ஏறக்குறைய வந்துவிடும். 1,000 கன அடி என்றால் 90. இரண்டு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும்: 1,867-க்கு மேல் எவ்வளவு விட்டாலும் 168-ஐத் தாண்டாது, மிச்சம் இரைச்சல் பாலத்தில் போகும், அடியோடு குறைந்து நூறு, நூற்றைம்பது என்று இருந்தால் பெருக்க வேண்டாம், அன்றைக்கு மெஷின் ஓடியிருக்காது. வைகைக்கு அதே கணக்கைப் போட 90-க்குப் பதில் 5, அதுவும் அணை நிரம்பியிருக்கும் நாளில்.